காலாவதித் தேதியையும் கோப்பில் எழுதுங்கள்: அறக்கட்டளையின் கணினிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கணினிக் குழு உறுப்பினர்களுக்கு,

நம் மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தின் சர்வரில் உள்ள இயங்குதளத்தை மாற்ற அனுமதி கேட்டு நான் அனுப்பிய குறிப்பு, சென்ற மாதக் கூட்டத்திலிருந்து இரண்டு வரிகளோடு திரும்பி வந்திருக்கிறது. “நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைத் தொட வேண்டியதில்லை” என்பது முதல் வரி. “கட்டணமில்லா மென்பொருளுக்குப் பராமரிப்புத் தொகை தேவையில்லை” என்பது இரண்டாவது வரி. அந்த இரண்டாவது வரியைக் காட்டி, ஆண்டு வரவுசெலவில் இயங்குதளப் பராமரிப்புக்கென்று இருந்த சிறு தொகையும் நீக்கப்பட்டுவிட்டது. இதே பொருளில் இதற்கு முன் மூன்று குறிப்புகள் அனுப்பியிருக்கிறேன். எதற்கும் பதில் வரவில்லை. அதனால் பொதுவில் எழுதுகிறேன். அறக்கட்டளையின் பெயரை நான் குறிப்பிடவில்லை, ஏனெனில் இதே இரண்டு வரிகள் வேறு பல அலுவலகங்களின் கோப்புகளிலும் இருப்பதாக என் தொழிலில் இருக்கும் நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பதினாறு ஆண்டுகளாகச் சர்வர் அறையின் சாவி என்னிடம் இருக்கிறது. அங்கே நடந்தவற்றைச் சொல்லும் கடமையும் எனக்கு இருக்கிறது.

பரிசோதனைக்கூட சர்வரில் இருப்பது சென்ட்ஓஎஸ் 7, அதாவது லினக்ஸ் என்னும் கட்டணமில்லா இயங்குதளத்தின் வடிவங்களில் ஒன்று. அது 2014 ஜூலையில் வெளியானது. 2024 ஜூன் 30 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு, சொன்ன நாள் வரை தவறாமல் கிடைத்து, அந்த நாளோடு நின்றுவிட்டது. பத்தாண்டு அவகாசம் கொடுத்த ஒரு தேதியை நாம் தவறவிட்டோம். நம் மருந்தகத்தில் அட்டையைத் திருப்பிக் காலாவதித் தேதியைப் பார்க்காமல் ஒரு மாத்திரையைக்கூட நோயாளியின் கையில் கொடுப்பதில்லை. அதே கட்டடத்தின் மேல்தளத்தில், அந்த நோயாளியின் இரத்தப் பரிசோதனை முடிவுகளைச் சுமக்கும் இயங்குதளத்துக்கு அப்படியொரு தேதி இருப்பதே எந்தக் கோப்பிலும் பதிவாகவில்லை.

“ஓடிக்கொண்டிருக்கிறது” என்பதும் “ஆதரவில் இருக்கிறது” என்பதும் ஒன்றல்ல. இந்த மடல் முழுவதும் இதைச் சுற்றியே என்பதால் சற்று விளக்கமாகச் சொல்ல அனுமதியுங்கள். நீண்டகால ஆதரவு உள்ள வெளியீட்டில் மென்பொருளின் பதிப்பு எண் ஆண்டுக்கணக்கில் பெரும்பாலும் மாறுவதில்லை. புதிய வசதிகளும் வருவதில்லை, பழைய நடத்தையும் மாறுவதில்லை. ஆனால் எங்காவது ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால், புதிய பதிப்புக்காக எழுதப்பட்ட திருத்தத்தை யாரோ ஒருவர் எடுத்து, ஐந்தாறு ஆண்டுகளுக்கு முந்தைய நிரலோடு பொருந்துமாறு மாற்றி எழுதி, அதனால் வேறெதுவும் உடையவில்லை என்று சோதித்துப் பார்த்து, நமக்கு அனுப்புகிறார். இந்த வேலையைத்தான் பேக்போர்ட் என்கிறோம். அலுப்பூட்டும் வேலை, புகழ் தராத வேலை. அதைச் செய்ய ஒருவர் இருக்கும் வரைதான் ஆதரவு. அவர் நிறுத்திவிட்ட மறுநாளும் சர்வர் முந்தைய நாளைப் போலவே ஓடும். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. அதனால்தான் “ஓடுகிறதே” என்ற பதில் உங்களுக்குப் போதுமானதாகத் தெரிகிறது.

ஆதரவு முடிந்த மறுநாளே, 2024 ஜூலை 1 அன்று, குவாலிஸ் என்னும் கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளில் ஒரு கடும் ஓட்டை இருப்பதை வெளியிட்டார்கள். நம் சர்வரில் இருந்த 7.4 பதிப்பு அதனால் பாதிக்கப்படவில்லை. இதை நான் மறைக்கவில்லை. அப்போதே உங்களுக்கு எழுதித் தெரிவித்தேன். உறுப்பினர் ஒருவர் அதையே எடுத்து, “பழையதுதான் பாதுகாப்பு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?” என்று கேட்டதாக அறிந்தேன். அவருக்கு என் பதில் இது: அந்த ஓட்டை புதியதன்று. 2006-இலேயே கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்பட்ட ஒன்று, பின்னாளில் 8.5 பதிப்பில் தவறுதலாகத் திரும்பி வந்தது. நம் பழைய பதிப்பு தப்பியதற்குக் காரணம் அது பழையதாக இருந்தது அன்று, 2006-இல் ஒருவர் உட்கார்ந்து அதைத் திருத்தியிருந்தார் என்பது. அப்படித் திருத்துவதற்கு இன்று நம் சர்வருக்கு ஒருவரும் இல்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சர்வரின் இரண்டு வட்டுகளும் அடுத்தடுத்துப் பழுதாயின. நோயாளிகளின் தரவு பேக்கப்பில் பத்திரமாக இருந்தது. இயங்குதளத்தை மட்டும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது. ஆதரவில் உள்ள வெளியீடாக இருந்திருந்தால் ஒன்றரை மணி நேர வேலை. ஆனால் சென்ட்ஓஎஸ் 7 தன் தொகுப்புகளை, அதாவது நிறுவ வேண்டிய மென்பொருள் பொதிகளை, எங்கிருந்து எடுப்பது என்று கேட்கும் முகவரியே ஆதரவு முடிந்ததும் நிறுத்தப்பட்டிருந்தது. பழைய தொகுப்புகள் எல்லாம் காப்பகத்துக்கு நகர்த்தப்பட்டுவிட்டன. ஒவ்வொரு அமைப்புக் கோப்பையும் கையால் திருத்திக் காப்பகத்தை நோக்கித் திருப்பி, பரிசோதனைக்கூட மென்பொருள் கேட்ட பழைய நூலகக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, விடியும்போதுதான் முடித்தேன். அந்தப் பதினொரு மணி நேரமும் பரிசோதனைக்கூடப் பணியாளர்கள் சர்க்கரை அளவையும் கிரியேட்டினின் அளவையும் தாளில் கையால் எழுதி வார்டுகளுக்குக் கொடுத்தனுப்பினார்கள். ஒரு நோயாளியின் தாள் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டது. இரவுப் பணியில் இருந்த செவிலியர் பெயரையும் வயதையும் ஒப்பிட்டுப் பார்த்ததால் அது திரும்பி வந்தது. அவர் பார்த்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை மருத்துவர்களான உறுப்பினர்கள் என்னைவிட நன்கறிவார்கள். இதன் விவரங்களை மறுநாளே எழுத்தில் கொடுத்தேன்.

இது முதல் முறையும் அன்று. நம் அறக்கட்டளையின் கல்லூரிச் சேர்க்கை அலுவலக சர்வரில் இன்னொரு லினக்ஸ் வடிவமான டெபியன் 8 ஓடிக்கொண்டிருந்தது. அதன் நீண்டகால ஆதரவு 2020 ஜூன் 30 அன்று முடிந்தது. அப்போதும் மாற்ற அனுமதி கேட்டேன். அப்போதும் இதே முதல் வரிதான் வந்தது. பதினைந்து மாதங்கள் ஒன்றும் ஆகவில்லை. 2021 செப்டம்பர் 30 மாலை 7.31 மணிக்கு, ஒரு தளம் உண்மையானது என்று காட்டும் இணையதளச் சான்றிதழ்களுக்கு ஆதாரமாக இருந்த பழைய வேர்ச் சான்றிதழ் ஒன்று காலாவதியானது. லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு கட்டணமின்றி வழங்கும் சான்றிதழை வைத்திருந்த ஏராளமான தளங்கள் அதைச் சார்ந்திருந்தன. மாற்று வேர் எப்போதோ தயாராக இருந்தது. புதிய மென்பொருள்கள் அந்த வழியைத் தாமாகவே கண்டுகொண்டன. ஆதரவில் இருந்த பழைய வெளியீடுகளுக்கும் அதற்கான திருத்தங்கள் வந்துவிட்டன. நம்முடைய சர்வருக்கு மட்டும் எதுவும் வரவில்லை. வெளியே இருந்த விண்ணப்பத் தளத்திலிருந்து ஒவ்வோர் இரவும் புதிய விண்ணப்பங்களை எடுத்துவரும் நிரல், அன்றிரவு அந்தத் தளத்தை நம்ப மறுத்து அமைதியாக நின்றுவிட்டது. மூன்று நாள் விண்ணப்பங்கள் முதுகலைத் தகுதிப் பட்டியலில் சேரவேயில்லை. நான்காம் நாள், சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் தன் தந்தையோடு வந்து, கட்டணம் செலுத்திய ரசீதை நீட்டி, தன் பெயர் ஏன் இல்லை என்று அலுவலகத்தில் நின்று கேட்ட பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. காரணத்தைக் கண்டுபிடித்தபின் சரிசெய்ய அரை மணி நேரம் ஆனது. பட்டியலைத் திருத்தி வெளியிட ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரமும் அந்தத் தந்தை மூன்று முறை பேருந்தேறி வந்து போனார். ஓடிக்கொண்டிருந்த சர்வர்தான் அது. ஒரு நிமிடம்கூட நின்றதில்லை.

இனி, என் குறிப்பை நிராகரித்தபோது கூட்டத்தில் பேசப்பட்டதாக நான் அறிந்த வாதத்துக்கு வருகிறேன். “சென்ட்ஓஎஸ் 8-ஐப் பத்தாண்டு என்று சொல்லி இரண்டாண்டில் கைவிட்டார்கள். புதிதாக மாறினால் அதையும் கைவிடமாட்டார்கள் என்பதற்கு என்ன உறுதி? அதற்கு இருப்பதிலேயே இருந்துவிடலாம்” என்பது அந்த வாதம். இது வெறும் சாக்கன்று, நியாயமான கேள்வி என்பதால் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும்.

நடந்தது உண்மை. 2019 செப்டம்பரில் சென்ட்ஓஎஸ் 8 வெளிவந்தபோது 2029 மே வரை ஆதரவு உண்டு என்றே எல்லாரும் திட்டமிட்டார்கள். 2020 டிசம்பர் 8 அன்று, அது 2021 டிசம்பர் 31-உடன் முடியும் என்று அறிவிப்பு வந்தது. எட்டாண்டுக்கு மேல் இருந்த காலம் ஓராண்டாகச் சுருங்கியது. அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகம் அதற்கு முந்தைய ஆண்டில்தான், பதினைந்து ஆண்டுகள் தான் வளர்த்த சயின்டிஃபிக் லினக்ஸுக்கு இனி புதிய தலைமுறை இல்லை, சென்ட்ஓஎஸ் 8-க்கே போகிறோம் என்று அறிவித்திருந்தது. துகள் இயற்பியல் ஆய்வுக்கு ஆயிரக்கணக்கான கணினிகளை நடத்துபவர்களுக்கே காலடி மண் சரிந்தது என்றால், அந்த முடிவு எத்தனை பேரை எப்படிப் பாதித்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். அந்த முடிவை நான் இன்றும் ஏற்கவில்லை. மக்கள் நம்பித் திட்டமிட்ட ஒரு தேதியை, அவர்கள் குடியேறிய பிறகு முன்னே இழுப்பது தவறு.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. சென்ட்ஓஎஸ்-ஐத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரிகோரி கர்ட்சர் உடனடியாக அதற்கு மாற்றாக ராக்கி லினக்ஸ் பணியைத் தொடங்கினார். அதே நோக்கில் உருவான ஆல்மா லினக்ஸ் 2021 மார்ச்சிலும் ராக்கி அதே ஆண்டு ஜூனிலும் பயன்பாட்டுக்கு வந்தன. கெடு முடிய ஆறு மாதங்கள் மீதியிருந்தன. 2022 டிசம்பரில் ஃபெர்மி ஆய்வகமும் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகமும் சேர்ந்து ஆல்மாவைத் தேர்ந்தெடுத்தன. மூல நிரல் எல்லாருக்கும் திறந்திருந்ததால் மட்டுமே இது நடந்தது. மூடிய இயங்குதளம் ஒன்றை அதன் உரிமையாளர் நிறுத்தினால் அதை இன்னொருவர் எடுத்து நடத்த வழியே இல்லை. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இல் வழக்கமான ஆதரவு முடிந்தபோது, நம் கணக்குப் பிரிவில் நல்ல நிலையில் இருந்த கணினிகளை என்ன செய்வது என்று தவித்தோமே, அங்கே ஆல்மாவும் ராக்கியும் எங்கிருந்து வரும்?

சென்ட்ஓஎஸ் 8-இலிருந்து நாம் கற்க வேண்டியது, இருந்த இடத்திலேயே இருப்பதை அன்று. ஒரு தேதியைப் பார்க்கும்போது அந்தத் தேதியை யார் கொடுக்கிறார்கள், அவர்களுக்குப் பின்னால் யாருடைய உழைப்பும் பணமும் நிற்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே. டெபியனின் நிலையான வெளியீடுகளுக்கு மூன்றாண்டு முழு ஆதரவும் அதன்மேல் இரண்டாண்டு நீண்டகால ஆதரவும் உண்டு. அந்த இரண்டாண்டு வானத்திலிருந்து விழுவதன்று. 2014-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில், பல நிறுவனங்கள் தரும் தொகையைக் கொண்டு ஊதியம் பெற்று நிரலாளர்கள் வேலை செய்கிறார்கள். இன்னொரு லினக்ஸ் வடிவமான உபுண்டுவின் நீண்டகால வெளியீட்டுக்குக் கட்டணமின்றி ஐந்தாண்டு கிடைக்கிறது என்றாலும், அந்த உறுதி முதன்மைத் தொகுப்புகளுக்கு மட்டுமே. சமூகம் பராமரிக்கும் பெருந்திரளான தொகுப்புகளுக்கு அதே அளவு உறுதி இல்லை. 2023 செப்டம்பரில், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் நீண்டகாலப் பதிப்புகளை ஆறாண்டு பராமரிக்கும் வழக்கம் இரண்டாண்டாகக் குறைக்கப்படும் என்று சொல்லப்பட்டது. பழையவற்றைப் பயன்படுத்துவோர் குறைவு, பராமரிப்போர் களைத்துப்போகிறார்கள் என்பதே காரணமாகக் கூறப்பட்டது. இவை எல்லாம் எழுத்தில் உள்ளவை. படித்துவிட்டுத் தேர்ந்தெடுக்கலாம். நாம் படிக்கவில்லை.

படிக்காமல் தேர்ந்தெடுத்ததற்குக் கல்லூரி ஆய்வகமே சான்று. 2024 ஜனவரியில் அறுபது புதிய கணினிகள் வந்தபோது, “மாணவர்களுக்கு எது புதியதோ அதைப் போடுங்கள்” என்று குழு முடிவு செய்தது. உபுண்டு 23.10 போடப்பட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் அத்தகைய இடைக்கால வெளியீடுகளுக்கு ஒன்பது மாதம்தான் ஆதரவு. அந்த ஒன்பது மாதமும் 2023 அக்டோபரிலேயே எண்ணப்படத் தொடங்கிவிட்டது. 2024 ஜூலை 11 அன்று, புதிய கல்வியாண்டின் வகுப்புகள் சூடுபிடிக்கும் நேரத்தில், அறுபது கணினிகளும் ஆதரவை இழந்தன. ஏப்ரலில் வரவிருந்த நீண்டகால வெளியீட்டுக்காக மூன்று மாதம் பொறுத்திருந்தால் 2029 வரை கவலை இருந்திருக்காது. நானும் இரண்டு உதவியாளர்களும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து எல்லாவற்றையும் மறுபடி நிறுவினோம். அந்த உதவியாளர்களுக்கு அதற்கான படி இன்றுவரை கிடைக்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

புதியது என்பதாலேயே நல்லது என்ற எண்ணத்துக்கும் ஒரு வார்த்தை. 2024 மார்ச் மாத இறுதியில், எக்ஸ்இசட் என்னும் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் பின்கதவு, அதாவது ரகசிய நுழைவழி, வைத்திருப்பது வெளிப்பட்டது. சர்வருக்குள் நுழைவதற்கு ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, ஏன் என்று தோண்டிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர்தான் அதைக் கண்டுபிடித்தார். அந்தப் பதிப்புகள் டெபியனின் சோதனை நிலையிலும் ஃபெடோரா என்னும் லினக்ஸ் வடிவத்தின் முன்னோட்ட வெளியீட்டிலும் நுழைந்திருந்தன. டெபியனின் நிலையான வெளியீட்டை அவை எட்டவில்லை. மெதுவாக நகரும் வெளியீட்டுச் சுழற்சி எதற்காக என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான். கூடவே இன்னொன்றும் உண்டு: அந்தக் கருவியைப் பல ஆண்டுகள் ஏறக்குறையத் தனியாகப் பராமரித்துவந்த ஒருவர் களைத்துப்போயிருந்த வேளையில், உதவுவதாகச் சொல்லிக்கொண்டுதான் அந்தக் கை உள்ளே நுழைந்தது. உலகமே பயன்படுத்தும் ஒரு பொருளைத் தாங்க ஒற்றை மனிதர் இருந்தார். நாமும் பயன்படுத்தினோம். பதினாறு ஆண்டுகளில் இந்த அறக்கட்டளை எந்தத் திறமூலத் திட்டத்துக்கும் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. ஒரு பிழையறிக்கை எழுதக்கூட என் வேலை நேரத்தில் அனுமதி இருந்ததில்லை.

“கட்டணமில்லா மென்பொருள்” என்று நீங்கள் எழுதிய சொல்லை நான் மறுக்கவில்லை. உரிமக் கட்டணமாக நாம் எதுவும் செலுத்தவில்லை என்பது உண்மை. கிணறு ஊர்ப் பொதுவில் இருக்கிறது என்பதற்காகத் தூர்வாரும் செலவு இல்லாமல் போகாது. உரிமக் கட்டணத்தில் மிச்சமான தொகையில் ஒரு சிறு பகுதி மேம்படுத்தலுக்கான ஆள்நேரமாகவும் சோதித்துப் பார்க்க ஒரு மாற்று சர்வராகவும் திரும்பி வந்திருந்தால், நான் மேலே எழுதிய மூன்று நிகழ்வுகளில் ஒன்றுகூட நடந்திருக்காது.

ஆகவே குழுவிடம் நான் கேட்பவை இவை. பரிசோதனைக்கூட சர்வரை உடனே மாற்ற ஒப்புதல் தாருங்கள். பரிசோதனைக்கூட மென்பொருளை எழுதிக் கொடுத்தவர்கள் ஆல்மா லினக்ஸ் 9-இல் அது ஓடும் என்று எழுத்தில் உறுதியளித்திருக்கிறார்கள். அந்த வெளியீட்டுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2032 மே வரை உண்டு. எனக்குத் தேவை ஒரு மாற்று சர்வரும், இரண்டு வாரச் சோதனையும், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவும் மட்டுமே. அது வரை அந்த சர்வரை வெளி இணையத்திலிருந்து துண்டித்துவைக்க இந்த வாரமே அனுமதி வேண்டும்.

இனி எந்தக் கணினியோ சர்வரோ வாங்கினாலும், கொள்முதல் கோப்பில் அதில் நிறுவப்படும் வெளியீட்டின் பெயர், அதன் ஆதரவு முடியும் தேதி, அந்தத் தேதியைக் கொடுப்பவர் யார், அது எந்தத் தொகுப்புகளுக்குப் பொருந்தும் என்ற நான்கும் எழுதப்படாமல் ஒப்புதல் தரக் கூடாது. ஏற்கெனவே உள்ள நாற்பத்தொரு சர்வர்களுக்கும் இந்தப் பட்டியலை நான் தயாரித்து இணைத்திருக்கிறேன்; அதில் ஏழு ஏற்கெனவே காலாவதியானவை. ஒவ்வொரு சர்வருக்கும் அந்தத் தேதிக்குப் பன்னிரண்டு மாதம் முன்பே மாற்றும் பணி தொடங்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றுங்கள். வகுப்பறைகளிலும் மருத்துவமனையிலும் ஒன்பது மாத, பதின்மூன்று மாத ஆதரவு மட்டுமே உள்ள வெளியீடுகளை நிறுவுவதைத் தடைசெய்யுங்கள். அவற்றைக் கற்றுப் பார்க்க விரும்பும் மாணவர்களுக்குத் தனியாக ஐந்து கணினிகள் ஒதுக்குங்கள், அதை நானே மகிழ்ச்சியோடு நடத்துகிறேன்.

நீக்கிய பராமரிப்புத் தொகையைத் திருப்பித் தாருங்கள். அதில் ஒரு பங்கை, நாம் அன்றாடம் நம்பியிருக்கும் டெபியனின் நீண்டகால ஆதரவுப் பணிக்கு ஆண்டுதோறும் அனுப்புங்கள். தொகை சிறிதாக இருந்தாலும் போதும். மாதத்தில் ஒரு வேலை நாளை, நாங்கள் கண்ட பிழைகளைச் சோதித்து அத்திட்டங்களுக்கு அறிக்கை எழுதுவதற்காக எங்களுக்குத் தாருங்கள். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் உழைத்த இரு உதவியாளர்களுக்கும் உரிய படியை வழங்குங்கள்.

இந்த மடலுக்கு முப்பது நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். கோரிக்கைகளில் எதையேனும் மறுப்பதாக இருந்தால், எந்த சர்வரை எந்தத் தேதி வரை ஆதரவின்றி ஓட்ட முடிவு செய்கிறீர்கள் என்பதையும், அதற்குப் பொறுப்பேற்பவர் யார் என்பதையும் பெயரோடு அந்தப் பதிலில் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
அறக்கட்டளையின் சர்வர் அறைப் பொறுப்பாளர்